அவர் என்றொரு வசதி

அரண்மனையில் சமையல் செய்தவர் என்று இருந்த வரியை அடித்துவிட்டு, அரண்மனையின் உணவு நிர்வாகத்தைக் கவனித்தவர் என்று மாற்றித் தரும்படி ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் கேட்டபோது வம்சம் சிரிக்கவில்லை. சிரிப்பையெல்லாம் சேர்த்து வைத்து வீட்டுக்குப் போய்ச் சிரிப்பதுதான் அவன் வழக்கம். "நிர்வாகம்னு போட்டா இன்னும் கம்பீரமா இருக்கும் சார், நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றான். மேலாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே திரும்பி இன்னொரு காபிக்குச் சொன்னார். கொள்ளுத்தாத்தா கரண்டி பிடித்தவர் என்பது அந்த வீட்டு சோபாவுக்கும் கண்ணாடி அலமாரிக்கும் ஒத்துவராத செய்தி. இன்னும் இரண்டு தலைமுறை போனால் அந்தச் சமையற்காரரை மந்திரியாகவே ஆக்கிவிடுவார்கள். அதை எழுதுவதற்கு அன்றைக்கு வேறொருவன் வந்து இதே மாதிரி சோபாவின் நுனியில் உட்கார்ந்திருப்பான்.

வம்சம் என்பது அச்சகத்துக்காரர்கள் அவனுக்கு வைத்த பட்டப்பெயர். முன்பு ஒரு நாளிதழில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தான். இரங்கல் விளம்பரங்கள் அவன் மேஜைக்குத்தான் வரும். செத்தவரின் மகன்கள் நேரிலேயே வந்து, அப்பாவைப் பற்றி இன்னும் நாலு வரி நன்றாக எழுதித் தரமுடியுமா என்று குழைவார்கள். நாலு வரி நாற்பது பக்கமாக வளர்ந்து, ஒரு நாள் வேலையை உதறிவிட்டு, 'வரலாற்று எழுத்தாளர், வம்சாவளி ஆய்வாளர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டான். சுதந்திர எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்வதில் ஆரம்பத்தில் ஒரு பெருமை இருந்தது. ஒரு முதலாளிக்குப் பதிலாக ஊரில் உள்ளவர்கள் எல்லாரும் முதலாளி என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று போகப் போகத் தெரிந்துகொண்டான்.

மனிதர்களை அவனுக்குப் பிடிக்காமல் போனது இந்தத் தொழிலில்தான். எந்த வீட்டைத் தட்டினாலும் வள்ளல் ஒருவர் இருந்தார். பெரிய வீட்டை ஏமாந்து இழந்தவர் ஒருவர் இருந்தார். திருடியவர், குடித்தவர், கடன்காரனைக் கண்டு பின்வாசல் வழியாக ஓடியவர் ஒருவர்கூட எந்தக் குடும்பத்திலும் பிறக்கவே இல்லை. அத்தனை பேரும் நல்லவர்கள் என்றால் இவ்வளவு கெட்டதையும் யார்தான் செய்தது என்று அவன் மனைவியிடம் கேட்பான். பிறகு, எந்தப் பக்கத்தில் யார் படம், யார் படத்தை விட யார் படம் பெரிது என்று மருமகள்கள் போடும் சண்டையை நடித்துக் காட்டுவான். நடித்துக் காட்டிவிட்டு, மறுநாள் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அதே மருமகள்களுக்கு நடுவில் போய் அசடு வழிய உட்காருவான்.

தொழிலுக்கு என்று சில உபாயங்களும் கைவந்திருந்தன. தெரியாத இடத்தில் 'கூறப்படுகிறது' என்று போடுவான். யார் கூறினார்கள் என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. நிறுவனரின் படம் கிடைக்காவிட்டால் 'அடர்ந்த மீசையும் கூர்ந்த பார்வையும் கொண்டவர்' என்று எழுதுவான். நிறுவனர் என்றால் மீசை இருக்கத்தானே செய்யும். குடும்ப மரம் வரையும்போது, கட்டிக்கொடுத்த பெண்களை அடுத்த வீட்டு மரம் என்று தள்ளிவிடுவான். பிள்ளை இல்லாதவர்களுக்கு மொட்டைக் கிளை என்று பெயர் வைத்திருந்தான். மொட்டைக் கிளை பக்கத்தை அடைக்கும், அதற்குக் கீழே எழுத ஒன்றும் இருக்காது, வெட்டிவிட்டால் மரம் அழகாக இருக்கும். வீட்டில் ஒருநாள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இதை அவன் சத்தமாகவே விளக்கியிருக்கிறான். தங்களுக்கும் பிள்ளை இல்லை என்பது அப்போது அவன் நினைவில் இல்லை. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

இப்படி வீடு வீடாக ஏறி இறங்குவதற்கு ஒரு முடிவு வரும் என்ற நம்பிக்கையை மெத்தைக்காரர்தான் தந்தார். அவர் கடைக்கு நூறு வயது ஆகப்போகிறது. தெருவில் உட்கார்ந்து தைத்த மெத்தையில் தொடங்கி, இப்போது விமான நிலையச் சாலையில் ஓர் ஆள் மெத்தையில் விழுந்து சிரிக்கும் விளம்பரப் பலகை வரைக்கும் வந்திருந்தார்கள். நூற்றாண்டு விழாவுக்குக் குடும்ப வரலாறு ஒன்று வேண்டும் என்றார். வணிகர் சங்கத் தலைவர்தான் விழாவுக்குச் சிறப்பு விருந்தினர். சங்கமே தன் வரலாற்றை ஐந்து பெரிய தொகுதிகளாகக் கொண்டுவர ஆள் தேடிக்கொண்டிருந்தது. "இந்தப் புத்தகம் நல்லபடியா வரட்டும், தலைவர்கிட்ட நானே உங்கள நிறுத்தி வைக்கிறேன்" என்று மெத்தைக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். ஐந்து தொகுதிகள் என்றால் அலுவலகத்தில் ஒரு மேஜை, வாசலில் பெயர்ப்பலகை, இனி எவர் வீட்டு சோபாவின் நுனியிலும் உட்கார வேண்டியதில்லை. அந்த நினைப்பிலேயே வம்சம் மெத்தைக்காரரின் பீற்றல்களை எல்லாம் பொறுமையாகப் பதிவு செய்துகொண்டு வந்தான்.

பதிவைக் கேட்டு எழுதுவதில் அவனுக்கு ஒரு செருக்கு உண்டு. காதில் பேச்சு ஓடும்போதே கை அதை எழுத்துத் தமிழாக்கிவிடும். அவர் 'வந்தாங்க' என்றால் இவன் கை 'வந்தார்' என்று எழுதும். 'போயிட்டாங்க' என்றால் 'காலமானார்' என்று எழுதும். புரூப் பார்த்த காலத்துப் பழக்கம் அது. மக்கள் பேசுவதெல்லாம் அச்சுப்பிழை, தான் திருத்துவதற்காகவே அவர்கள் வாயைத் திறக்கிறார்கள் என்பது அவன் எண்ணம். புத்தகம் முதல் படி முடிந்து, மெத்தைக்காரர் அதைப் படித்து, "பிரமாதம், கைய வைக்கவே வேணாம்" என்று சொல்லியனுப்பி, அதில் இருந்த வருணனையைக் கொடுத்து நிறுவனரின் முழு உருவப் படத்துக்கும் ஓவியரிடம் சொல்லிவிட்டார். பின்னட்டைக்கு மட்டும், தான் பேசிய மாதிரியே நாலைந்து வரி வேண்டும், கொச்சையாக இருந்தாலும் பரவாயில்லை, இப்போது அதுதான் நாகரிகமாம் என்றார்.

கொச்சையாக எழுத வம்சத்துக்குக் கை வராது. அந்த வேலையை மனைவியிடம் தள்ளினான். அவள் நீதிமன்றத்தில் தட்டச்சாளர். சாட்சிக்கூண்டில் நிற்பவன் இருமுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அப்படியே அடித்துத் தருபவள். ஒரு விடுமுறை நாள் மத்தியானம், காதில் கருவியை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தவள், சற்று நேரத்தில் அடிப்பதை நிறுத்திவிட்டு அவனுடைய புத்தகப் படியை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தாள்.

"இந்தப் பெரியவங்கன்னு சொல்றது யார?"

"கடைய ஆரம்பிச்சவரு. மெத்தைக்காரரோட கொள்ளுத்தாத்தா."

"கொள்ளுத்தாத்தான்னு அவரு வாயால சொன்னாரா?"

"அதச் சொல்லணுமா? தாத்தாவோட காலத்துல பெரியவங்கன்னு ஒருத்தர் இருந்தா அது தாத்தாவோட அப்பாவாத்தான இருக்கணும்?"

அவள் ஒரு காதிலிருந்து கருவியைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். மெத்தைக்காரரின் கரகரத்த குரல் கேட்டது. "பெரியவங்க தெருத்தெருவாப் போயி வீட்டு வாசல்லயே ஒக்காந்து மெத்த தச்சுக் குடுப்பாங்க. கோணூசி எப்பவும் கொண்டைலதான் சொருகியிருக்கும். தாத்தா பின்னாலயே பஞ்சு மூட்டையச் சொமந்துட்டுப் போவாரு."

"நீங்க இங்க 'சட்டைப் பையில் எப்போதும் ஊசி இருக்கும்'னு எழுதியிருக்கீங்க" என்றாள்.

"வாய் தவறிச் சொல்லிட்டாருன்னு திருத்துனேன். ஆம்பளைக்கு ஏது கொண்ட?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவன் காதிலேயே விழுந்தது. மனைவி பதிவை இன்னும் கொஞ்சம் ஓட்டினாள். 'தாத்தா ரெண்டாவதா பாட்டியக் கட்டிட்டு வந்தப்புறமும் சாவி பெரியவங்ககிட்டதான் இருந்துச்சு' என்று மெத்தைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் வந்த பிறகும் மாமனார் சாவியை விடவில்லை என்று வம்சம் இதை ஒரு முழுப் பத்தியாக விரித்து, நிர்வாகக் கட்டுப்பாட்டுக்கு உதாரணமாக வைத்திருந்தான்.

"தாத்தான்னு வந்தா 'போவாரு, வருவாரு'. பெரியவங்கன்னு வந்தா 'தச்சாங்க, வச்சாங்க'. எங்கயாவது ஒரு எடத்துல அந்த மனுஷன் மாத்திச் சொல்றாரான்னு கேட்டுப் பாத்தேன். சொல்லல. நீங்கதான் எல்லாத்துக்கும் 'ர்' போட்டு ஒரே மூட்டையாக் கட்டிட்டீங்க. அவங்க தாத்தாவோட மொதத் தாரம். பாட்டி ரெண்டாவதா வந்தவங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "கட்டுன புருஷனுக்கே அந்தப் பொம்பளைய அப்பனாக்கிட்டீங்களே."

அவள் சிரித்த சிரிப்பு அவனுக்குப் பொறுக்கவில்லை. அவனுடைய தொழிலில் சிரிக்கிற ஆள் அவன்தான், சிரிக்கப்படுகிறவர்கள் மற்றவர்கள். "மரியாதைக்கு ஆம்பளையையும் 'ங்க' போட்டுச் சொல்றது உண்டு" என்று சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தான். அது எடுபடவில்லை. கடைசியில் எரிச்சலோடு, "இருந்துட்டுப் போகட்டும். அந்தம்மாவுக்குப் புள்ள இருந்திருந்தா பாட்டி எதுக்கு வரப்போறா? வம்சமே பாட்டி வழி. இவங்க மொட்டைக் கிளை. முறைப்படி பாத்தா மரத்துலயே வரமாட்டாங்க" என்றான்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கருவியைச் சுருட்டி உறைக்குள் வைத்தாள். "ஆமா. வரமாட்டோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அந்த 'ஓம்' அவனைச் சுருக்கென்று குத்தியது. கூப்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். என்ன சொல்வது என்று தெரியாததால், ஓவியர் மீசை வரைவதற்கு முன்னால் மெத்தைக்காரரைப் பிடிக்க வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

மெத்தைக்காரர் வீட்டு முன்னறையில் வயதான ஓர் அம்மாள் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து தலையணை உறைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். மெத்தைக்காரரின் அத்தை, அதாவது அந்தப் பாட்டியின் மகள். வம்சம் அவரை ஒரு நாளும் பேட்டி எடுத்ததில்லை. கட்டிக்கொடுத்த பெண், போதாக்குறைக்குக் காது கேட்காது, கத்திக் கத்திக் கேட்டு ஆகப்போவது என்ன என்று விட்டுவிட்டான். யார் என்று அவர் உரக்கக் கேட்டதும், மெத்தைக்காரர் அதைவிட உரக்க, "நம்ம புத்தகம் எழுதுறவரு அத்த!" என்றார்.

"பெரியவங்க பத்தித்தான? நல்லா எழுதுங்க தம்பி" என்றார் அத்தை. "பெத்தது ஒருத்தின்னாலும் சோறு ஊட்டுனதெல்லாம் அவங்கதான். பெரியம்மான்னு கூப்புடுவேன். கடையில எல்லாரும் பெரியவங்க, பெரியவங்கம்பாங்க. என்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலயே?"

"அப்புறம் கேப்பாரு அத்த!" என்று கத்திவிட்டு மெத்தைக்காரர் வம்சத்தின் முதுகில் கைவைத்து உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்கு எதிரே, பெட்டியிலிருந்து பாதி வெளியே எடுத்த பெரிய ஓவியம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தாத்தாவின் முகத்தையே கொஞ்சம் அகலப்படுத்தி, வம்சம் எழுதிய மீசையை எழுதியபடியே அடர்த்தியாக வைத்திருந்தார் ஓவியர். கூர்ந்த பார்வையும் இருந்தது. வாடகைக்கு விட்ட வீட்டைப் பார்க்க வந்தவர் போலப் படத்திலிருந்தவர் முறைத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு" என்று தொடங்கினான் வம்சம்.

"அவங்க பொம்பளைன்னு தெரிஞ்சுபோச்சா?" என்றார் மெத்தைக்காரர்.

மெத்தைக்காரர் சாவகாசமாக நாற்காலியில் சாய்ந்தார். "நீங்க எழுதிக் குடுத்தத மொத நாளே வீட்ல வாசிச்சோம் சார். மீசைன்னு வந்த எடத்துல என் பொண்டாட்டி விழுந்து விழுந்து சிரிச்சா. மனுஷன் நாலு மாசமா வந்து காப்பி குடிச்சுட்டுப் போறாரு, இதுகூடக் காதுல விழலயேன்னு பசங்க கேட்டாங்க. நான்தான் சத்தம் போட்டு அடக்குனேன். அப்புறம் ராத்திரி படுத்து யோசிச்சேன். இதுவும் நல்லாத்தான இருக்குன்னு தோணுச்சு."

"என்ன சார் நல்லாருக்கு?"

"கடைய ஆரம்பிச்சது தாத்தாவோட மொதத் தாரம்னு போட்டீங்கன்னா, அப்ப நீங்க யாருன்னு என்னக் கேப்பான். ரெண்டாந்தாரத்துப் பேரன். அவங்க தைக்க, தைக்க, எங்க தாத்தா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு, அதுக்கு நூறாவது வருஷம்னு விழா எடுக்க முடியுமா? கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா, நான். நேரா ஒரு கோடு. கேக்கவே எவ்வளவு சுத்தமா இருக்கு! பொய் நான் சொல்லல சார். டேப்ப ஓட்டிப் பாருங்க, ஒரு எடத்துலயும் நான் பொய் சொல்லல. ஆம்பளையாக்குனது நீங்க." குரலைத் தணித்துக்கொண்டார். "தலைவர்கிட்ட உங்களப் பத்திப் பேசியாச்சு. விழா மேடையிலயே அறிவிச்சுடறேன்னு சொல்லியிருக்காரு. இப்பப் போயி தப்பா எழுதிட்டேன்னு நின்னீங்கன்னா, அஞ்சு தொகுதிய எவன் நம்பிக் குடுப்பான்?"

தெருவில் இறங்கிய பிறகும் அந்த வீடே அவன் முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருப்பது போலிருந்தது. அவன் அவர்களைப் பற்றி வீட்டுக்குப் போய் நடித்துக் காட்டிய மத்தியானங்களில், அவர்களும் அவனை நடித்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான்கு மாதக் காபியும் இப்போது தொண்டையில் கசந்தது. போயும் போயும் ஒரு மெத்தைக்காரன் என்று பல்லைக் கடித்தான். ஆனால் திரும்பிப் போய், போய்யா நீயும் உன் புத்தகமும் என்று சொல்வதற்குக் கால் எழவில்லை. பெயர்ப்பலகை கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல் வந்தது, அந்த ஆத்திரத்தையும் மெத்தைக்காரர் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டான்.

வழி அவனுக்குப் பேருந்தில் கிடைத்தது. கிடைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆணாக்கவும் வேண்டாம், பெண்ணாக்கவும் வேண்டாம். அவர் என்று ஒரு சொல் தமிழில் இருக்கிறது. ஆணுக்கும் அவர்தான், பெண்ணுக்கும் அவர்தான். தைத்தார், சுமந்தார், விற்றார், காலமானார். எவனும் குறை சொல்ல முடியாது. மீசையை எடுத்துவிடலாம், சட்டைப்பையை எடுத்துவிடலாம், கொள்ளுத்தாத்தா என்பதை 'குடும்பத்தின் மூத்தவர்' என்று ஆக்கலாம், சாவியை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். தெரிந்தவன் உண்மையைப் படித்துக்கொள்வான், தெரியாதவன் ஓவியத்தைப் பார்த்துக்கொள்வான். இப்படி ஒரு வசதியை ஒரு மொழி யாருக்காக வைத்திருக்கிறது, தன்னைப் போன்றவர்களுக்காகத்தானே என்று பூரித்துப் போனான்.

மனைவி அடித்துத் தர மறுத்துவிட்டாள். அவனே இரண்டு விரலால் தட்டித் தட்டி, முன்பு போட்ட ஆண் வாடையை எல்லாம் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்தான். துடைக்கத் துடைக்க, தான் ஏதோ நேர்மையான காரியம் செய்வது போன்ற ஒரு மிதப்பும் வந்தது. முடித்த பக்கங்களை அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தான். அவள் படித்தாள். எந்த இடத்திலும் நிறுத்தவில்லை, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஒரு வரி பொய் இருக்கான்னு சொல்லு" என்றான்.

"இல்ல. ஒரு வரிகூடப் பொய் இல்ல" என்றாள். பக்கங்களை ஓரம் தட்டிச் சேர்த்து அவனிடம் கொடுத்தாள். "ரத்தமே வராம கொன்னுருக்கீங்க."

"நீயே சொல்லு, நான் வேற என்ன பண்ணமுடியும்?"

"எனக்கென்ன தெரியும்? நான் சொன்னதச் சொன்னபடி அடிக்கிறவ."

மெத்தைக்காரர் புதிய படியைப் பார்த்துவிட்டு, மீசை மட்டும் காணோமே என்றார். படத்திலேயே இருக்கிறதே சார் என்றான் வம்சம். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டார்.

விழா ஒரு பெரிய ஓட்டலின் கீழ்த்தளத்தில் நடந்தது. கம்பளத்தில் கால் புதைந்தது. மேடைக்குப் பக்கத்தில் ஓவியம் பட்டுத்துணி போர்த்தி நின்றது. கூட்டத்தில் பாதிப்பேர் சங்கத்துக்காரர்கள், எல்லாருடைய பார்வையும் மேடையைத் தாண்டிச் சாப்பாட்டுக் கூடத்தின் கதவின் மேலேயே இருந்தது. முதல் வரிசையில் நடுநாயகமாகத் தலைவர், அவருக்கு ஒரு பக்கம் மெத்தைக்காரர், இன்னொரு பக்கம், மரியாதைக்கு, அத்தை. மூன்றாவது வரிசை ஓரத்தில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். வரமாட்டாள் என்று நினைத்திருந்தான். வந்துவிட்டதில் அவனுக்கு நிம்மதிக்குப் பதிலாகப் பயம்தான் வந்தது.

மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால் அவனை நிற்கச் சொல்லியிருந்தார்கள். தலைவர் அறிவித்ததும் மேடையேற வேண்டும். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க வந்த இளம்பெண் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை நகல் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவனிடம் வந்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஜன்மம், இது வாசித்து என்ன கிழிக்கப் போகிறது என்று அவளைப் பற்றிக் காலையிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தான்.

"சார், இத நான் கதை மாதிரி பேசிச் சொல்லணும்னு சொல்லியிருக்காங்க. எழுத்துத் தமிழ்ல வாசிச்சா செய்தி வாசிக்கிற மாதிரி இருக்குமாம்."

"பேசுங்க. யாரு வேணாங்கறாங்க?"

"இல்ல சார், ஒரு சந்தேகம்" என்றாள் அவள், தாளை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு. "இங்க 'தைத்தார்'னு இருக்கு. பேசும்போது நான் எப்படிச் சொல்ல? 'தச்சாரு'ன்னு சொல்லவா, 'தச்சாங்க'ன்னு சொல்லவா?"

வம்சம் அவளைப் பார்த்தான். அவள் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். ஊசிமுனையில் நிறுத்தி இப்படி ஒரு கேள்வியை நான்கு மாதமாக அவனை யாரும் கேட்டிருக்கவில்லை. பெரிய வசதி என்று கண்டுபிடித்த சொல் அச்சுக்கு மட்டுமே வசதி, வாயைத் திறந்தால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது, வாழ்நாளெல்லாம் பேச்சைத் திருத்தியவனுக்கு உறைக்காமல் போயிருந்தது. எழுதியிருக்கிறபடியே வாசிங்க என்று சொல்லப் பார்த்தான். மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"சார்?"

முதல் வரிசையில் தலைவர் மெத்தைக்காரரின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பின் நடுவே இரண்டு பேரும் ஒரு கணம் திரைப் பக்கம் பார்த்தார்கள்.

"தச்சாரு" என்றான்.

அவள் பென்சிலால் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு போனாள். மைக்கில் அவள் குரல் கணீரென்று இருந்தது, அதுதான் வினையாகப் போயிற்று. கூட்டம் சாப்பாட்டுக் கதவை மறந்துவிட்டது. "இந்த ஊர்ல பாதிப்பேருக்குக் கட்டாந்தரையில படுத்துதான் பழக்கம். அந்தக் காலத்துல ஒருத்தர் பஞ்சும் ஊசியுமா தெருவுல எறங்குனாரு. வெயில்னு பாக்கல, மழைன்னு பாக்கல. வாசல் வாசலா ஒக்காந்து மெத்த தச்சாரு."

"யாரு?" என்றது முதல் வரிசையிலிருந்து ஒரு குரல். காது கேட்காதவர்களின் உரத்த குரல் அது. நாலைந்து பேர் சிரித்தார்கள். மெத்தைக்காரர் தலைவரைத் தாண்டிக் கையை நீட்டி அத்தையின் முழங்கையைத் தட்டினார்.

தொகுப்பாளினி புன்னகையோடு தொடர்ந்தாள். "கை வலிக்க வலிக்கத் தச்சாரு. ஒரு ஒரு வீட்டுக்கும்..."

"யாரும்மா தச்சாரு?" அத்தை நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்துவிட்டார். "எங்க அப்பாவையா சொல்ற? அவருக்கு ஊசில நூலே கோக்கத் தெரியாதே!"

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் மெத்தைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். மெத்தைக்காரர் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் அந்தப் பெண் தாளைப் பார்த்தாள், புரட்டினாள், அடுத்த பக்கத்தையும் பார்த்தாள். தாளில் எல்லா இடத்திலும் அவர் என்றுதான் இருந்தது. மூன்றாவது வரிசையில் மனைவி, சாட்சி வாயைத் திறப்பதற்காகக் காத்திருக்கும்போது உட்காருவாளே அதே மாதிரி, அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குறேன்ல, யாரு?" என்றார் அத்தை மறுபடியும்.

தொகுப்பாளினி தாளை மடித்தாள். குதிகால் ஒலிக்க மேடையின் ஓரத்துக்கு நடந்து வந்து, திரையை ஒரு கையால் விலக்கி, மைக்கை அவன் வாய்க்கு நேராக நீட்டினாள். அவன் மூச்சு விடுவது கூடமெங்கும் கேட்டது.